அமலன் அத்தான் அடைத்த ஓட்டைகள்

எங்கள் அமலன் அத்தானுக்கு ஓட்டை என்றால் ஆகாது. கண்ணில் பட்டால் அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை, கதவில் பூட்டு மாற்றிய ஓட்டை, அடுப்படியில் எலி போட்ட ஓட்டை, எதுவும் அவரிடம் தப்பாது. ஒருமுறை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில், நிரம்பினால் வழிவதற்கென்று கொத்தனார் வைத்த குழாயையும் அடைத்துவிட்டார். மோட்டாரை நிறுத்த மறந்த ஒரு காலையில் தொட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, மாடியில் காயப்போட்டிருந்த கருவாடு முழுவதும் மறுபடி நீந்தப் போய்விட்டது. "அந்தக் குழாய எதுக்கு அத்தான் அடைச்சிய?" என்று கேட்டேன். "ஓட்ட இருந்துச்சு, அடைச்சேன்" என்றார். அந்தப் பதிலில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அவர் பார்த்த தொழில் அப்படி. தோணிக்குக் கலப்பத்து அடிப்பவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திரித்து வைத்து, உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, கடலை வெளியிலேயே நிறுத்துகிற வேலை. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் அடித்த தோணியில் தண்ணீர் இறைக்கிற ஆள் தூங்கிக்கொண்டு போகலாம் என்பது பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியதில் பாதிப் பங்கு அவருடையது. தோள்பட்டை போனபிறகு வேலையை விட்டாரே தவிர, கை அரிப்பு விடவில்லை.

மெட்டில்டா என் அக்கா. எங்களுக்குத் தருவைகுளம், அவள் வாழ்க்கைப்பட்டு வந்தது திரேஸ்புரம். நானும் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கண்டெய்னர் பேப்பர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு, அவர்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறேன். கல்யாணமான சில வருஷத்திலேயே அக்காவுக்கு இடுப்பு மூட்டில் காசநோய் வந்தது. மாத்திரை தின்று நோய் போனது. போகும்போது மூட்டை ஒட்டவைத்துவிட்டுப் போனது. இடது கால் மடங்காது. கம்பை ஊன்றி நடப்பாள், உயரமான ஸ்டூலில் ஒருக்களித்து உட்காருவாள், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை ஆட்டோவில் காலை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். எதிரே வந்த மீன் வண்டி உரசாமல் போனது மாதா புண்ணியம். காரில் பின் சீட்டில் படுத்துக்கொண்டு வா என்றால், "பொணத்தத்தாம்ல அப்படிக் கொண்டு போவாவ. நான் இன்னும் சாகல" என்பாள்.

அவளுக்காகத்தான் அத்தான் அந்த அம்பாசடரை வாங்கினார். தோணி முதலாளி ஒருவர் புதுக் கார் எடுத்தபோது, பழையதைக் கேட்டு வாங்கியது. எண்பதுகளில் வந்த வெள்ளை வண்டி. முன்னால் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் ஒரே பெஞ்சு சீட்டு. கியர் கம்பி ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் இடிக்க எதுவும் கிடையாது. அக்கா அந்தப் பெஞ்சின் நடுவில் தலையணை வைத்துச் சாய்ந்து, மடங்காத காலை இடது மூலைக்கு நீட்டிவிட்டால் போதும், ஊரையே சுற்றலாம். இப்போது வருகிற கார்களில் நடுவில் கியரும் பிரேக்கும் நட்டு நிற்கின்றன. எதிலெதிலோ ஏற்றிப் பார்த்தோம். எதுவும் ஒத்துவரவில்லை. அந்த வண்டி ஓடினால் அக்கா வெளியே போவாள். அது நின்றுவிட்டால் அவளுக்கு வாசற்படிதான் எல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டி நேராகத் தருவைகுளம் போகும். அங்கே எங்கள் வீட்டில் சாப்பாடு. திரும்பும்போது ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீர். அதைச் சுடவைத்துத் துணியில் நனைத்து இடுப்பில் ஒத்தடம் கொடுத்தால்தான் அக்காவால் அந்த வாரம் அடுப்படிவரை நடக்க முடியும். திரேஸ்புரத்திலும் கடல் வீட்டுக்கு எதிரேதான் கிடக்கிறது. ஆனால் அதில் டீசலும் மீன் கழிவும் மிதக்கிறது. பிறந்த வீட்டுக் கடல்தான் அவளுக்கு வேண்டும். மூடி தொலைந்துபோன நீலக் கேன். வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, அவள் காலடியில் வைப்போம், உருளாமல் நல்ல காலால் அணைத்துக்கொண்டு வருவாள். ஒரு டம்ளராவது சிந்தாமல் அந்தக் கேன் வீடு வந்து சேர்ந்ததில்லை.

வண்டி வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"மாப்ள! இத எவம்ல கட்டினான்? அடியில பூராம் ஓட்டயால்ல இருக்கு!"

தரையில் ஓட்டை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டியில் ஓட்டை, நாலு கதவின் அடியிலும் ஓட்டை. கம்பெனிக்காரன் ஏதோ காரணமாகத்தான் வைத்திருப்பான் என்று சொல்லிப் பார்த்தேன். "அடியில ஓட்டயோட ஒரு பொருளக் கட்டுதவன் தொழில் தெரிஞ்சவனா?" என்று என்னை முறைத்தார். மறுநாளே பஞ்சும் குங்கிலியமும் வந்தன. ஒவ்வொரு ஓட்டையாக உளி வைத்துத் தட்டித் தட்டி அடைத்தார். மேலே தார் பூசினார். அப்புறம் வருஷாவருஷம் மழைக்கு முன்னால் ஒரு பூச்சு. தோணிக்குச் செய்வதைப்போலவே காருக்கும் செய்தார், அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஊரே வெள்ளத்தில் மிதந்த அந்த டிசம்பரில் தெருவிலிருந்த கார்களுக்குள்ளெல்லாம் தண்ணீர் ஏறியது. அத்தானுடைய அம்பாசடர் மட்டும் உள்ளே காய்ந்து கிடந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? யார் வீட்டுக்குப் போனாலும் அதே கதை. பாதிரியார் வீடு சந்திக்க வந்தபோதும் அத்தான் அதைத்தான் சொன்னார். பாவம், அவர் ஜெபம் சொல்ல வந்தவர், காரின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

போன ஜூலையில் வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டிய முறை வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவதற்கு முன்பு ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற செந்தில்முருகனிடம் கொண்டுபோனோம். டிங்கர் வேலையில் கெட்டிக்காரன், கொஞ்சம் வாய்க்காரனும்கூட. அவன் முன் சீட்டுக்குக் கீழே கிடந்த ரப்பர் பாயைத் தூக்கினான். அடியில் செம்மண் மாதிரி ஏதோ கட்டியாக உரிந்து வந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். அது பிடிவரை இறங்கியது.

அத்தான் சிரித்தார். "அது தாருடே. தடிமனாப் பூசியிருக்கேன்."

"தாருதான் அண்ணாச்சி" என்றான் செந்தில்முருகன். "தாரு மட்டுந்தான்."

வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியைச் சுரண்டினான். இடது பக்கம் கதவுக்குக் கீழே இருந்த பெட்டியை உளியால் திறந்தபோது, உள்ளேயிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. எப்போது புகுந்த தண்ணீரோ தெரியாது. போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து இரும்பைத் தின்றிருக்கிறது. அக்காவின் காலடியில் தரையே இல்லை. பாயும் தாரும்தான் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தன. சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டைக் கையால் பிடுங்கிக் காட்டினான்.

"இன்னும் ஒரு மழ பெஞ்சிருந்தா, ஓடுத வண்டியில சீட்டு அக்காவோட சேர்ந்து ரோட்டுக்கு எறங்கியிருக்கும்."

ஒவ்வொரு ஞாயிறும் அவள் அதில்தான் சாய்ந்துகொண்டு, கடையில் கடலைமிட்டாய் வாங்கச் சொல்லி அதட்டிக்கொண்டு வந்தாள்.

செந்தில்முருகன் தாருக்கு நடுவிலிருந்து ஒரு அடைப்பைப் பிடுங்கி அத்தான் கையில் வைத்தான். பஞ்சு இறுகி, குங்கிலியம் மின்னிக்கொண்டு, நேற்று அடித்ததைப்போல் இருந்தது.

"பஞ்சு நல்லாருக்கு அண்ணாச்சி. இரும்புதான் இல்ல. உள்ள எறங்குத தண்ணி வெளிய போவதுக்குத்தான் அந்த ஓட்டைய வச்சிருக்கான். சிந்துத தண்ணி, கதவு கண்ணாடி வழியா எறங்குத மழ, எல்லாம் அது வழியாத்தான் போவணும். நீங்க அடைச்சிட்டிய."

அத்தான் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். தோணிக்குக் கடல் வெளியே இருக்கும். இங்கே அவர் கடலை உள்ளே விட்டு மூடிவிட்டிருந்தார். அது அவருக்கு விளங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "என்ன சொல்லுதான் டிங்கரு?"

"தர போச்சு" என்றார் அத்தான். "துரு."

"எந்தப் பக்கம்?"

"ஒம் பக்கந்தான்." கொஞ்சம் தயங்கினார். "கேன் தண்ணி சிந்திச் சிந்தி... உப்புல்லா."

அதோடு நிறுத்திக்கொண்டார். பஞ்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பார்த்தால், நீலக் கேன் வாசலில் குப்பை வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. "வண்டியத் தின்னுபுட்டேனேலே" என்றாள் என்னிடம். "எனக்காக வாங்கின வண்டி. நானே தின்னுபுட்டேன்." நான் கேனை எடுத்துக்கொண்டுபோய் என் வீட்டில் வைத்தேன்.

ஒத்தடத்தை நிறுத்திவிட்டாள். வண்டிதான் டிங்கர் கடையில் கிடக்கிறதே, நான் பைக்கில் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அடுப்பில் வெறும் வெந்நீர் வைத்துத் தாரேன் என்றாள் என் மனைவி. அதுவும் வேண்டாம். ஒத்தடமே வேண்டாமாம். வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் செய்ததற்கு ஈடாகும் என்று மனதில் எங்கேயோ முடிச்சுப் போட்டுவிட்டாள். பத்து நாளில் கம்பை ஊன்றியும் அடுப்படிக்குப் போக முடியாமல் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள். மாதா கோவிலில் திருவிழாக் கொடி ஏறியது. வெடிச் சத்தம் வீடுவரை கேட்டது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அவள் கொடியேற்றத்துக்குப் போகாமல் இருந்தது அந்த வருஷம்தான். வாசலில் ஸ்டூலைப் போட்டு, கோவிலுக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூ வைத்திருந்தாள்.

நேராக டிங்கர் கடைக்குப் போனேன். அத்தான் அங்கேதான் குடியிருந்தார். துருப்பிடித்ததையெல்லாம் வெட்டி எறிந்து, பெட்டிக்கும் தரைக்கும் புதுத் தகடு மடக்கி வெல்டிங் வைத்து முடித்திருந்தான் செந்தில்முருகன். துருத் தடுப்புப் பூச்சு காய்ந்துகொண்டிருந்தது. பிரச்சினை வேறு இடத்தில் நின்றது. அவன் டிரில்லிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எல்லாம் விளங்கியும் பழைய பழக்கம் விடாமல், அத்தான் குறுக்கே நிற்கிறார்.

"புதுத் தகட்டுல எதுக்குடே ஓட்ட? ஓட்டயோட எவனாவது கடல்ல எறக்குவானா?"

"ரோட்டுல அண்ணாச்சி! ரோட்டுல எறக்குதோம்!"

நான் அத்தானை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். "அக்காகிட்ட எப்ப சொல்லப் போறிய?"

"என்னத்த?"

"பஞ்ச."

அவர் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்தார். "சொன்னா என்ன நெனப்பா மாப்ள? இவ்வளவு வருசமா அவ காலுக்குக் கீழ நானே குழி வெட்டியிருக்கேன். அவள உக்கார வச்சு, மேல தாரப் பூசியிருக்கேன். செத்திருப்பாளே. அத எந்த வாயால சொல்ல?"

"அவ தான்தான் தின்னுட்டேன்னு ஒத்தடத்த விட்டுட்டா. சொவத்தப் புடிச்சிட்டு நிக்கா. பாக்கியளா இல்லியா?"

"பாக்கேன்" என்றார். "பாத்துட்டுத்தான் இங்கன வந்து இருக்கேன்."

"நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?" என்று கத்திவிட்டேன். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் உள்ளே போனார். போய், செந்தில்முருகன் கையிலிருந்து டிரில்லிங் மெஷினை வாங்கினார். ஓட்டை போட வேண்டிய இடத்தைக் காட்டச் சொன்னார். வாழ்நாளெல்லாம் அடைத்த கை. முதல் ஓட்டை போடும்போது மெஷின் வழுக்கி வழுக்கிப் போனது. இரண்டாவது ஓட்டை நேராக விழுந்தது.

ஆகஸ்டு பாதியில் எஃப்.சி. ஆகிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, வேலை சுத்தமாக இருக்கிறது என்றாராம். வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இடது கதவைத் திறந்துவிட்டு, "ஏறு ளா, தருவைகுளம் போவோம்" என்றார் அத்தான். நானும் நின்றேன், என் மனைவியும் நின்றாள், பக்கத்து வீட்டு ஞானபாயும் கையில் அகப்பையோடு வந்து நின்றாள்.

அக்கா ஸ்டூலை விட்டு எழவில்லை. "நான் ஏறல. புதுசாப் போட்ட தரய மறுபடியும் கெடுக்கவா? நீங்க ஓட்டுங்க. எனக்கு இங்கனயே போதும்."

"ஏளா..."

"போதும்னு சொல்லுதேன்லா!"

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ள, அந்தக் கேன் ஒன் வீட்டுலதான இருக்கு?"

எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, தெருவைத் தாண்டி, படகுகளுக்கு நடுவில் இறங்கி, டீசல் மிதக்கிற எங்கள் கடலிலேயே முக்கி நிரப்பிக்கொண்டு வந்தார். தோள்பட்டை போன மனுஷன், இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, திறந்திருந்த கதவு வழியாக, அக்கா கால் நீட்டுகிற மூலையில் முழுக் கேனையும் கவிழ்த்தார். ஞானபாய் "அய்யோ" என்று கத்தினாள். என் வாயிலும் ஏதோ வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தண்ணீர் தரையில் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் வண்டிக்கு அடியில் ஒழுகத் தொடங்கியது. மூன்று நாலு இடத்தில் கோடாக இறங்கி, சிமெண்டு ரோட்டில் சேர்ந்து, அக்காவின் ஸ்டூல் காலைத் தொட்டுக்கொண்டு சாக்கடைக்குப் போனது. உள்ளே ஈரம் மட்டும்தான் மிச்சம்.

"பாத்தியா?" என்றார் அத்தான். "போவதுக்கு வழியிருந்தா போயிரும். கம்பெனிக்காரன் வழி வச்சிருந்தான். நான் பஞ்ச வச்சு அடைச்சேன். ஒந் தண்ணி இல்ல மெட்டில்டா. நான்தான். டிங்கர் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அக்கா ரோட்டில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அடைச்சது தெரியாம அடைச்சிய. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "தெரிஞ்ச பெறவு? நான் சொவத்தப் புடிச்சிட்டு நின்னத இந்தக் கண்ணால பாத்தியளே. கொடியேத்தத்துக்குப் பூ வச்சிட்டு இங்கன உக்காந்திருந்தேன். அப்பவும் வாயத் தொறக்கலியே நீங்க."

அத்தான் காலி கேனோடு நின்றார். அவருடைய வேட்டியெல்லாம் நனைந்திருந்தது.

அக்கா கம்பை எடுத்தாள். என்னைக் கூப்பிட்டாள். "ஏலே, என்னப் புடிச்சு ஏத்து. நீ வண்டிய எடு. இவரு இங்கன இருக்கட்டும்."

ஏற்றினேன். தலையணை வைத்தேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, அந்தக் கியர் கம்பியை எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாமல் கரகரவென்று அரைத்தேன். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி ஒரு குதி. அக்காவின் இடுப்பில் வலி தெறித்திருக்க வேண்டும், "அம்மா" என்றாள். ஜன்னலுக்கு வெளியே அத்தான், தான் அடி வாங்கியதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எறங்கு" என்றாள் அக்கா. "அவரயே ஓட்டச் சொல்லு."

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி தருவைகுளத்துக்குப் புறப்பட்டது. கடலைமிட்டாய்க் கடை வந்தது. அத்தான் வேகத்தைக் குறைத்தார். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை போய்விட்டது.

திரும்பும்போது நான் கேனைக் கழுவி நிரப்பி, வாயில் பையைக் கட்டி, அவள் காலடியில் வைத்தேன். அவள் நல்ல காலால் அணைத்துக்கொண்டாள். அத்தான் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, கேனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போக, பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போனான். திரேஸ்புரம் நெருங்கும்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"சும்மா ஓட்டுங்க. சிந்துனா சிந்தட்டும். அதான் ஓட்ட இருக்கே."